துன்பத்துக்கு நோக்கம் உண்டா? கிறிஸ்தவ விசுவாசம் சொல்வதும் சொல்லாததும்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு துக்க வீடு. முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், டம்ளர்களில் கட்டன் சாயா. கணவனை அடக்கம் செய்து இரண்டு நாள்கூட ஆகாத இளம்பெண் சுவரோடு சாய்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டு மாமி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். “மக்ளே, கர்த்தர் ஒரு நோக்கத்தோடதான் எடுத்திருக்காரு. அழப்பிடாது, கேட்டியா?” அந்தப் பெண் தலையை ஆட்டுகிறாள். “அது என்ன நோக்கம் மாமி?” என்று அவள் கேட்டுவிட்டால் மாமியிடம் பதில் இருக்காது. அதனாலோ என்னவோ, யாரும் கேட்பதில்லை.

மாமியின் அன்பில் குறையில்லை, கோளாறு அந்த வாக்கியத்தில். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை, கடலோரக் கத்தோலிக்கப் பங்கிலும் மலையோர சி.எஸ்.ஐ. சபையிலும் பெந்தெகொஸ்தே கூட்டத்திலும் தினமும் புழங்கும் வாக்கியம் அது. கேட்கிறவர் காதில் அது “உன் புருஷனைக் கடவுள்தான் கொன்றார், காரணத்தை அப்புறம் சொல்வார்” என்று விழுகிறது. கிறிஸ்தவம் அப்படிப் போதிக்கவில்லை. போதிப்பது என்ன என்று அடியிலிருந்து பார்ப்போம்.

‘ஏன்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகள்

“ஏன் விழுந்தாய்?” என்றால் “படியில் பாசி இருந்தது” என்போம். “ஏன் கடைக்குப் போனாய்?” என்றால் “சீனி வாங்க” என்போம். இரண்டிலும் ஒரே ‘ஏன்’. முதல் பதில் பின்னால் திரும்பிப் பார்க்கிறது. அது காரணம். இரண்டாவது முன்னால் பார்க்கிறது. அதுதான் நோக்கம்.

“எனக்கு ஏன் இந்தக் கஷ்டம்?” என்று ஒருவர் அழும்போது இரண்டும் பின்னிக்கொள்கின்றன. ஆறுதல் சொல்ல வருகிறவரும் பிரித்துப் பார்க்காமல், காரணம் கேட்ட இடத்தில் நோக்கத்தை நீட்டுகிறார். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் இடம் பைபிளின் முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. யோசேப்பை அண்ணன்மார் குழியில் போட்டு, பிறகு அடிமையாக விற்றார்கள். பல ஆண்டுகள் கழித்து அவர் அவர்களிடம் சொல்வது: நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் (ஆதியாகமம் 50:20). நடந்தது ஒன்று, அதன்மேல் இரண்டு எண்ணங்கள். அண்ணன்மார் செய்தது அக்கிரமம்தான், கடைசிவரை அக்கிரமமாகவே இருக்கிறது. ‘கடவுள் திட்டம், நாங்கள் வெறும் கருவி’ என்று அவர்கள் தப்பித்துக்கொள்ள யோசேப்பு வழிவிடவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்கப்பட்டபோது அவருக்கு வயது 17. பார்வோன் முன்னால் நின்றபோது 30. மேலே சொன்ன வார்த்தை வரும்போது ஐம்பதைக் கடந்துவிட்டார் (வேதத்தில் இருக்கும் வயதுகளைக் கூட்டிப் பார்த்தால் 56 வருகிறது). குழிக்குள் கிடந்தபோது அவர் நோக்கம் எதையும் பேசவில்லை. உயிருக்குக் கெஞ்சினார் என்று அண்ணன்மாரே பிற்பாடு ஒப்புக்கொள்கிறார்கள். குழியின் விளிம்பில் நின்று யாராவது, “தம்பி, இதுக்கெல்லாம் ஒரு நோக்கம் இருக்கு” என்று சொல்லியிருந்தால் அது வேறு வகைக் கொடுமை.

இதுவரை: காரணம் வேறு, நோக்கம் வேறு. தீமை நன்மையாக முடியலாம், அதனால் தீமை நல்லதாகிவிடாது. அதை எடுத்துச் சொல்லும் உரிமை பட்டவருக்கு, அதுவும் காலம் கழிந்த பிறகு.

பாவக் கணக்கு

“யார் செய்த பாவமோ.” ஊரில் முதலில் வரும் பேச்சு இது. முன்வினை, சாபம், பாவம் எல்லாம் கலந்து, எந்த மதத்து வீடாக இருந்தாலும் ஒரே தொனியில் வரும். இயேசுவும் இதே கேள்வியை இரண்டு முறை எடுத்துப் பேசினார்.

சீலோவாமிலே கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா? அப்படியல்ல என்றார் (லூக்கா 13). இன்னொரு நாள் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, “இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா?” என்று சீடர்களே கேட்டார்கள். இரண்டும் இல்லை, தேவனுடைய கிரியைகள் இவனிடத்தில் வெளிப்படும்பொருட்டு என்றார் (யோவான் 9). இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்திவிட்டு, ‘அப்படியானால் வேடிக்கை காட்டத்தான் கடவுள் அவனைக் குருடாக்கினாரா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அடுத்த வசனங்களைப் படித்தால் இயேசு மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசுகிறார், அவன் கழுவிவிட்டுப் பார்வையோடு வருகிறான். அவர் சொன்ன கிரியை குணமாக்குவது. சீடர்கள் பின்னால் பார்த்துக் கேட்டார்கள், அவர் முன்னால் பார்த்துப் பதில் சொன்னார்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமி குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கரைகளை அள்ளியது. வேளாங்கண்ணியில் மாதாவைப் பார்க்க வந்திருந்த யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அன்றும் பாவக் கணக்கு போட்டவர்கள் இருந்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோதும் போட்டார்கள். சீலோவாம் கோபுரத்தைப் பற்றிய பதிலே இவற்றுக்கும் பதில்.

செய்கைக்கு விளைவு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தொடர்ந்து குடித்தால் ஈரல் கெடும், விதைத்ததுதான் விளையும் என்பதை வேதமும் சொல்கிறது. அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுவதுதான் தப்பு. ஒருவன் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு அவன் செய்த பாவத்தை நாம் கண்டுபிடிக்கப் போவதற்கு இயேசு இடம் கொடுக்கவில்லை.

ரப்பர் மரமும் சிரட்டையும்

குமரி மேற்கில் பிரசங்க மேடைக்கு எளிதில் ஏறும் உவமை ஒன்று உண்டு. ரப்பர் மரத்தை வெட்டினால்தான் பால் வரும், அதுபோல் துன்பம் வந்தால்தான் மனிதனிடமிருந்து பலன் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகும் வெட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் சிரிப்பார்.

வெட்டு என்றால் கண்டபடி கீறுவது இல்லை. ஒட்டுமரத்தில் தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, இடமிருந்து வலமாக, சுமார் 30 பாகை சரிவில் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். பால் குழாய்கள் அதிகம் இருப்பது உள்பட்டையில். அதற்கும் உள்ளே, தடியை ஒட்டி, பட்டையைப் புதிதாக வளர்க்கும் மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொடாமல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் விட்டு நிற்க வேண்டும். கை தவறி ஆழமாகப் போனால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அங்கே மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. ஓய்வு கொடுக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் பட்டை காய்ந்து பால் அடியோடு நின்றுபோகும் மரங்களும் உண்டு.

ஆக, வெட்டு தன்னளவில் எந்த நன்மையும் செய்வதில்லை. அதிக வெட்டு மரத்தைக் கெடுக்கும். துன்பமும் அப்படித்தான். துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். எத்தனையோ பேரை அது கசப்பாக்கியிருக்கிறது, உடைத்திருக்கிறது. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளாத விளக்கம் எதுவும் பாதிக்கப்பட்டவர் முன்னால் நிற்காது.

உவமையில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மரம் பாலைச் சுரப்பது நம் ரப்பர் ஷீட்டுக்காகவா? வெட்டுப்பட்ட இடத்தில் பால் வடிந்து உறைந்து அடைப்பது மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. கடவுளைக் கத்தி பிடித்த வெட்டுக்காரராக்கினால் உவமை இங்கேயே கவிழ்ந்துவிடும்.

ஆனால் இந்தப் படத்தில் எடுத்துக்கொள்ளத் தக்க பொருள் ஒன்று உண்டு: பால் பிடிக்கும் சிரட்டை, அதாவது தேங்காய் ஓடு. வெட்டி முடித்து, தகரச் சில்லைச் செருகி, அதன் அடியில் சிரட்டையைக் கட்டாவிட்டால் வடியும் பால் தடியில் வழிந்து மண்ணில் போகும். விசுவாசம் செய்வது சிரட்டையின் வேலை. காயத்தை அது உண்டாக்குவதில்லை, நியாயப்படுத்துவதுமில்லை. ஏற்கெனவே வடிவதை ஏந்தி, மண்ணோடு போகாமல் பார்த்துக்கொள்கிறது. எப்படி ஏந்துகிறது என்பதற்குப் பின்னால் வருவோம்.

வலி நல்லதுதானே?

உடல்வலி ஒரு எச்சரிக்கை மணி என்பது உண்மை. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்துபோவதற்குக் காரணம் தேடினார். சதை தானாக அழுகி உதிர்வதில்லை. உணர்வு நரம்பு மரத்துப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் போகிறது, அதே புண்ணில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. வலி இருந்திருந்தால் விரல் தப்பியிருக்கும்.

இந்த உண்மையை எல்லாத் துன்பத்துக்கும் இழுத்துவிடக் கூடாது. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் வேதனை எந்த ஆபத்தையும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. பயனுள்ள வலி உண்டு, பயனற்ற வலியும் உண்டு. கிறிஸ்தவம் இரண்டாவதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசுகிறது.

உண்மையான இயக்கம்: சிலுவை

மற்ற உவமைகளையெல்லாம் கழித்துவிட்டால் கிறிஸ்தவத்தின் பதில் ஒரே ஒரு நிகழ்ச்சியில் வந்து நிற்கிறது. கடவுள் துன்பத்துக்கு வெளியே நின்று விளக்கம் சொல்லவில்லை, அதற்குள் வந்தார் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. இயேசுவின் பாடுகளை இந்தக் கண்ணோடு வரிசையாகப் பாருங்கள்.

கெத்செமனே தோட்டத்தில் அவர் துன்பத்தைத் தேடிப் போகவில்லை. “இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி செய்யும்” என்று கேட்டார், அதுவும் ஒரு முறையல்ல. சிலுவையில் அவர் சொன்னது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி: “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” கடவுளிடம் ‘ஏன்’ என்று கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், இந்த இடத்தைக் காட்டலாம். அந்த ‘ஏன்’ மேலிருந்து வந்த பதில் எதையும் பெறவில்லை. மூன்றாம் நாள் உயிர்ப்பு வந்தது. விளக்கம் வரவேயில்லை.

உயிர்த்த பிறகு இன்னொரு விவரம். தோமா நம்ப மறுத்தபோது இயேசு கைகளையும் விலாவையும் காட்டினார். உயிர்த்த உடலிலும் தழும்புகள் இருந்தன. (அந்தத் தோமா நம் திருவிதாங்கோட்டுக்கு வந்து கோவில் கட்டினார் என்பது இந்த மண்ணின் பாரம்பரியம். காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்டவரே நம் பக்கத்துக்கு வந்தார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.) நடந்தது நடக்காததுபோல் அழிக்கப்படவில்லை. இறந்த கணவன் ஞாபகத்திலிருந்து மறைய வேண்டும் என்றோ, பழையபடி சிரிக்க வேண்டும் என்றோ கிறிஸ்தவம் யாரையும் கேட்கவில்லை. காயம் தழும்பாக மாறி, வேறு ஒருவருக்கு அடையாளமாக, நம்பிக்கையாக ஆகிறது. இப்படி மாற்றப்படுவதற்குத்தான் மீட்பு என்று பெயர். குமரியிலும் கேரளத்திலும் தபசுகால வெள்ளிக்கிழமைகளில் சொல்லும் சிலுவைப்பாதையின் 14 தலங்களில் ஐந்தாவதில் சிரேனே ஊர் சீமோன் தோள் கொடுக்கிறார், ஆறாவதில் வெரோணிக்கா முகம் துடைக்கிறார். இருவரும் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை என்பதைக் கவனித்தால், துக்க வீட்டுக்குப் போவது எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

நாட்காட்டிகளில் அச்சாகும் ரோமர் 8:28-ஐயும் இதோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்றால் சகலமும் நல்லது என்று பொருளில்லை. அடுத்த வசனம் அந்த நன்மை எது என்று சொல்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. விட்டுப்போன வேலை திரும்பக் கிடைப்பதோ, இதைவிட நல்ல வரன் வருவதோ அங்கே வாக்களிக்கப்படவில்லை. அதே அதிகாரத்தில் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுகிறார் என்றெல்லாம் வருகிறது. நாட்காட்டிக்காரர்கள் அந்த வரிகளை அச்சடிப்பதில்லை.

சுருக்கமாக: கடவுள் துன்பத்தை அனுப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பவர் என்று கிறிஸ்தவம் சொல்லவில்லை. கூட இருந்து பட்டவர், பட்டதை வேறொன்றாக மாற்றுகிறவர் என்கிறது. நோக்கம் துன்பத்தில் இல்லை, மாற்றத்தில் இருக்கிறது.

தேவசகாயம் கேட்ட கதை

இந்தப் போதனை குமரி மண்ணில் ஒரு மனிதரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. பிடிபட்ட தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சியாளர் ஆனார். நீலகண்டனின் வீட்டில் மாடும் பயிரும் அழிந்து அடுக்கடுக்காக நஷ்டம் வந்தபோது டிலனாய் அவருக்கு, வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார் என்பது பாரம்பரிய வரலாறு.

யோபுவின் கதையில் காரணம் சொல்லும் வேலை முழுவதும் நண்பர்களுடையது. நஷ்டப்பட்ட மனிதனுக்கு டிலனாய் எடுத்துக்கொடுத்தது அந்த நண்பர்களின் வாதத்தை அல்ல. ‘எந்தப் பாவத்தால் மாடு செத்தது?’ என்று துருவாமல், சொத்தும் பிள்ளைகளும் போன பிறகும் கடவுளோடு வழக்காடிக்கொண்டு, அவரை விட்டுவிடாத ஒருவனின் கதையைச் சொன்னார்.

1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அதன்பிறகு சொத்து இரட்டிப்பாகவில்லை. 1749-இல் சிறை, மூன்று ஆண்டுச் சித்திரவதை, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. உடல் கோட்டாறு சவேரியார் கோவிலில் இருக்கிறது. 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். ‘விசுவாசித்தால் கஷ்டம் தீரும்’ என்று கூட்டம் சேர்ப்பவர்களுக்கு இந்த வரலாற்றில் இடமே கிடைக்காது.

சிரட்டையைக் கட்டுவது எப்படி

நடைமுறைக்கு வருவோம். மூன்று வேலைகள். வரிசை முக்கியம், மூன்றாவதை முதலில் செய்யப் போவதால்தான் பெரும்பாலும் கெடுகிறது.

முதலாவது புலம்பல். கடவுளிடம் ஒளிக்காமல் முறையிடுவதற்கு வேதத்தில் இருக்கும் வடிவம் இது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகை. கற்றுக்கொள்ள 13-ஆம் சங்கீதம் போதும், ஆறே வசனம். முதல் இரண்டில் குறை: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்கி ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு தாளை எடுத்து இதே மூன்று பகுதியாகத் தன் பாட்டை எழுதிப் பார்க்கலாம். குறையை எழுதும்போது மரியாதைக்காக மென்மையாக்க வேண்டாம், சங்கீதக்காரர்கள் மென்மையாக்கவில்லை. மூன்றாம் பகுதி இன்று வராவிட்டால் வெறுமையாக விடுங்கள். 88-ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதையும் தொகுப்பில் வைத்துத்தான் இருக்கிறார்கள். அழாதே என்று சொல்வது இந்த வேலையைத் தொடங்குமுன்பே நிறுத்திவிடும். லாசருவை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

இரண்டாவது பிரித்தல். இந்தத் துன்பம் எந்த வகை? தீர்க்கக்கூடியதா, எதிர்க்க வேண்டியதா, சுமக்க வேண்டியதா?

தீர்க்கக்கூடியதை ஜெபத்தோடு சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பது விசுவாசத்தில் சேராது, ஆபத்தில் சேரும். நெய்யூரில் 1838-இலேயே மிஷன் மருத்துவமனை தொடங்கியவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான். துக்கம் நாளாக நாளாகத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் தின்றுகொண்டே போனால், சாகலாம் என்ற நினைப்பு ஒரு நாள் வந்தாலும், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசலாம். தமிழிலும் பேசுகிறார்கள், கட்டணம் இல்லை.

எதிர்க்க வேண்டியது அடி, மிரட்டல், கூலி மறுப்பு, வரதட்சணைத் தொல்லை. இங்கேதான் ‘சிலுவை’ என்ற சொல் மிக மோசமாகப் பயன்படுத்தப்படுகிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம், “உனக்குக் குடுத்த சிலுவை, சுமந்துதான் ஆகணும் மக்ளே” என்கிறார்கள். இயேசு ‘தன் சிலுவையை எடுத்துக்கொண்டு’ என்று சொன்னது, அவரைப் பின்பற்றுவதற்கு ஒருவர் தானாக ஏற்கும் விலையைப் பற்றி. அடுத்தவர் கை நீட்டுவது சிலுவை இல்லை, குற்றம். பெண்கள் உதவி எண் 181. அதை அழைப்பதால் விசுவாசம் குறையாது.

சுமக்க வேண்டியது மீதி: இழப்பு, தீராத நோய், முதுமை, திரும்ப வராத ஆள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த ஒரு முள்ளை எடுத்துவிடும்படி மூன்றுதரம் கேட்டார். எடுக்கப்படவில்லை. கிடைத்த பதில், “என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்.” கிருபை என்றால் தகுதி பார்க்காமல் தரப்படும் துணை. பவுலுக்கே முள் நீங்கவில்லை என்னும்போது, “உனக்கு விசுவாசம் போதலை, அதான் சுகம் கிடைக்கல” என்று படுக்கையில் கிடப்பவரிடம் சொல்ல யாருக்கு என்ன தைரியம்?

மூன்றாவது கைமாற்றுதல். நோக்கம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில். பவுல் 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் சொல்கிறார்: எங்களுக்குக் கிடைத்த ஆறுதலால், உபத்திரவத்தில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் ஆறுதல் செய்யும்படி. நமக்குக் கிடைத்த ஆறுதல் அடுத்தவர் கைக்குப் போகிறது. துன்பம் எதற்காக வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலேயே இது நடக்கும்.

கேரளத்தில் பிறந்த மேரி வர்கீஸ் வேலூரில் இளம் மருத்துவர். 1954-இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதன்பின் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவை அது. பிற்பாடு தன்னைப்போல் நடக்க முடியாமல் போனவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவத் துறையை அங்கே கட்டி வளர்த்தார். 1972-இல் பத்மஸ்ரீ. இதற்காகத்தான் கடவுள் வண்டியைக் கவிழ்த்தார் என்று சொன்னால் முதல் தலைப்புக்கே திரும்பிப் போய்விடுவோம். வண்டி கவிழ்ந்ததற்குக் காரணம் சாலையில் இருந்தது. அவர் கைகள் போன திசை வேறு கதை.

எல்லோருக்கும் பத்மஸ்ரீ அளவு வேண்டியதில்லை. கடலில் மகனை இழந்த ஒரு தாய், அதேபோல் இழந்த இன்னொருத்தி வீட்டுத் திண்ணையில் வாரம் ஒரு மாலை போய் உட்காருவதும் கைமாற்றுதல்தான். ஆனால் நேரம் பார்க்க வேண்டும். புதுக் காயத்தோடு இருப்பவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பது படலம் வரை கத்தி போவதற்குச் சமம்.

அந்த மாமி என்ன செய்திருக்கலாம்?

பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். யோபுவின் நண்பர்கள் எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் வந்து ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். அதன்பிறகு வாயைத் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல், தன்னோடு வழக்காடிய யோபுவின்மேல் அல்ல.

பேசியே ஆகவேண்டுமென்றால், “என்ன சொல்லதுன்னு தெரியல மக்ளே, நான் இங்கதான் இருக்கேன்” போதும். “எது வேணும்னாலும் சொல்லு” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “பிள்ளைகளை நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துல விடுதேன்” என்பது மேல். கேட்டு வாங்கும் தெம்பு அவளுக்கு இருக்காது. முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். அந்தந்தச் சபை வழக்கப்படி நினைவு ஜெபம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகுதான் வீடு காலியாகும். வங்கிக் கணக்கு மாற்றம், வாரிசுச் சான்று, பென்ஷன் மனு எல்லாம் அப்போதுதான் தலைக்கு மேல் நிற்கும். தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை கூட வருகிற ஆள், அடக்கத்தன்று வந்த நூறு பேரைவிட உதவி.

நோக்கம் கடைசிவரை தெரியாவிட்டால்?

தெரியாமலே போகலாம். யோபு புத்தகத்தில் 42 அதிகாரங்கள். பரலோகத்தில் நடந்த பேச்சு, யோபுவின் துன்பத்துக்குப் பின்னணி, முதல் இரண்டு அதிகாரங்களில் வாசகருக்குச் சொல்லப்படுகிறது. 38-ஆம் அதிகாரத்தில் கடவுள் பேசத் தொடங்கும்போது அந்தப் பேச்சு வரும் என்று எதிர்பார்ப்போம். அவர் கேட்பது பூமியின் அஸ்திபாரத்தைப் பற்றி, வரையாடுகள் ஈனும் காலத்தைப் பற்றி, தீக்கோழியைப் பற்றி. முடிவில் 7000 ஆடுகள் 14000 ஆகின்றன, 3000 ஒட்டகங்கள் 6000 ஆகின்றன. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. ஏழு ஆணும் மூன்று பெண்ணும், முன்போலவே பத்து. போன பத்துப் பேர் போனவர்கள்தான். அதன்பின் 140 ஆண்டு வாழ்ந்த யோபுவுக்கு, முதல் இரண்டு அதிகாரங்களில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை.